தண்டையார்பேட்டை வெல்டரின் கொழுப்பு அறிக்கை: ஒரு காலா அசார் நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 38 வயது வெல்டர் ஒருவர், இரண்டு மாதங்களுக்கும் மேலாக விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இடப்பக்க வயிற்றில் பாரம், தொளதொளத்துப்போன சட்டையே சொல்லிவிடும் அளவுக்கு உடல் மெலிவு ஆகியவற்றுடன் வடசென்னையிலுள்ள எங்கள் பொது மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டார். இக்கட்டுரை அவரது ஒப்புதலுடன் எழுதப்படுகிறது; அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விலக்கப்பட்டுள்ளன. நோய் காலா அசார் (மணல் ஈ கடியால் பரவும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையில் பெருகும் காய்ச்சல் நோய்) என்று கண்டறிந்ததில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. அதற்குப் பல வாரங்கள் முன்பே அவர் கையிலிருந்த ஓர் ஆய்வக அறிக்கை, செல்லுக்குள் குடியிருக்கும் ஓர் ஒட்டுண்ணியின் கைவரிசையை எண்களாகவே காட்டியிருந்தும் அது வேறு விதமாக வாசிக்கப்பட்டது என்பதே இந்த நிகழ்வை விரிவாக எழுதத் தூண்டியது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் இரண்டு இடங்களில் சிகிச்சை பெற்றிருந்தார். வடசென்னையில் காய்ச்சல் என்று போனால் முதலில் மலேரியாவுக்கு இரத்தத் தடவல் எடுப்பது வழக்கம். மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசுவின் தயவால், தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு பல ஆண்டுகள் சென்னையிலிருந்தே பதிவாகி வந்தது. ஆகவே அந்தப் பரிசோதனை நியாயமானதுதான். இரண்டு முறையும் ஒட்டுண்ணி தென்படவில்லை. பிறகு விடால் பரிசோதனையை நம்பி டைபாய்டுக்கு ஊசி போடப்பட்டது. காய்ச்சல் சில நாள் தணிந்து மீண்டும் வந்தது. காசநோயைத் தேடி எடுத்த மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எதையும் காட்டவில்லை. களைப்பு தீராததால் தனியார் ஆய்வகம் ஒன்றில் 'முழு உடல் பரிசோதனை' என்ற தொகுப்பை அவரே பணம் கட்டிச் செய்துகொண்டார். அதில் வந்ததுதான் அந்தக் கொழுப்பு அறிக்கை.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 96 மி.கி./டெ.லி., எச்.டி.எல். 11, எல்.டி.எல். 28, டிரைகிளிசரைடு 285. டிரைகிளிசரைடு மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியுடன் அச்சாகியிருந்தது. மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் குறைவாக இருப்பதற்கு எந்தக் குறியும் இல்லை. குறைந்தால் நல்லது என்ற பொது எண்ணம் ஆய்வக மென்பொருளுக்குள்ளும் புகுந்திருக்கிறது போலும். 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். 11 என்பது பரம்பரைக் காரணம் இல்லாத ஒரு தொழிலாளியிடம் எளிதில் காணக் கிடைக்காத எண். ஆனால் நட்சத்திரம் இருந்த இடத்துக்குத்தான் மருந்து எழுதப்பட்டது: டிரைகிளிசரைடைக் குறைக்கும் பீனோஃபைப்ரேட் மாத்திரை, எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கச் சொல்லி ஓர் அறிவுரை. சாப்பாடே இறங்காத மனிதர், வீட்டில் வறுத்த மீனையும் விட்டுவிட்டு அந்த மாத்திரையை மூன்று வாரம் விழுங்கியிருக்கிறார்.

சேர்க்கையின்போது வெப்பநிலை 38.9 டிகிரி செல்சியஸ், எடை 52 கிலோ. வெளிறிய கண்ணிமை, கணுக்காலில் லேசான வீக்கம். மண்ணீரல் இடது விலா எலும்பு விளிம்புக்குக் கீழே 9 செ.மீ. வரை கெட்டியாகக் கையில் தட்டியது. கல்லீரல் 3 செ.மீ. நிணநீர் முடிச்சுகள் பெருத்திருக்கவில்லை. ஹீமோகுளோபின் 7.4 கிராம், வெள்ளையணுக்கள் 2,100, தட்டணுக்கள் 68,000. ஆல்புமின் 2.4, குளோபுலின் 5.6 கிராம் என்று இந்த இரண்டு இரத்தப் புரதங்களும் வழக்கத்துக்குத் தலைகீழாக இருந்தன. அழற்சியில் ஏறும் ஃபெரிட்டின் புரதம் 1,900 நானோகிராம். எச்.ஐ.வி. இல்லை.

மூன்று வகை இரத்த அணுக்களும் குறைந்து, மண்ணீரல் பெருத்து, குளோபுலின் இந்த அளவுக்கு ஏறியிருந்தால் எந்த மருத்துவ மாணவரும் சொல்லும் பட்டியலில் காலா அசார் இருக்கும். ஆனால் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவரிடம் அந்தப் பெயர் வாயில் வருவதில்லை. இந்நோய் காணப்படும் பீகாரிலிருந்து வந்து மணலியிலோ எண்ணூரிலோ வேலை செய்யும் இளைஞர் இதே அறிகுறிகளுடன் வந்திருந்தால் முதல் நாளே சொந்த ஊரைக் கேட்டிருப்போம். இவரிடம் முந்தைய இரண்டு இடங்களிலும் யாரும் பயணம் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் வார்டில் பயிற்சி மருத்துவர், "எங்கயாவது வெளியூர் போயிருந்தாராம்மா?" என்று அவர் மனைவியிடம் கேட்டபோது, "வடக்க போயிட்டு வந்ததுல இருந்துதான் டாக்டர் இப்படி இருக்காரு" என்று பதில் வந்தது. வடக்கு என்றால் பீகாரின் வைசாலி மாவட்டம். பாலம் கட்டும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் இரும்புச் சட்டங்களைப் பற்றவைக்கும் வேலையில் ஏழு மாதம் இருந்திருக்கிறார். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய மண்சுவர் அறையில் தரையில் படுக்கை. ஈரமண் விரிசலில் முட்டையிட்டு வளரும் ஃபிளெபோட்டோமஸ் அர்ஜென்டிப்பஸ் என்ற மணல் ஈக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

காலா அசாருக்கான எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆர்.கே.39 துரிதப் பரிசோதனையில், நோய் உண்டு என்பதைக் காட்டும் இரண்டு கோடுகளும் தெளிவாக விழுந்தன. மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுப்பதே ஒட்டுண்ணியைக் காட்டுவதில் தேர்ந்த முறை என்றாலும், 68,000 தட்டணுக்களுடன் அந்தத் துணிவு தேவையில்லை என்று எலும்பு மஜ்ஜையையே எடுத்தோம். லீஷ்மன் சாயம் ஏற்றிய தடவலில், கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் எதிர்ப்புச் செல்களான பெருவிழுங்கிகளின் சைட்டோபிளாசத்துக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் முட்டை வடிவ உடல்கள் நெருக்கமாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் உருண்டையாக ஓர் உட்கரு, அதன் அருகே குறுங்கோடு போலக் கருஞ்சிவப்பாய்த் தெரியும் கைனெட்டோபிளாஸ்ட். அந்தக் கோடு தெரிந்தால்தான் லீஷ்மேனியா. தெரியாவிட்டால் அது தட்டணுவாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். அதே தடவலில் சிவப்பணுவையும் தட்டணுவையும் விழுங்கி நின்ற பெருவிழுங்கிகள் சிலவும் இருந்தன. அவற்றைப் பற்றிப் பின்னர்.

இந்த உடல்களை உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர் இந்த நகரத்தில் வேலை பார்த்தவர். கல்கத்தா அருகேயுள்ள டம்டமில் பணியாற்றிய படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தான் கண்டதை 1903 மே மாதம் வில்லியம் லீஷ்மன் வெளியிட்டார். அதே ஆண்டு ஜூலையில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இருந்த சார்லஸ் டோனோவன், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்திலும் அவை இருப்பதாக எழுதினார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவனி என்று பெயரிட்டார். எங்கள் நோயாளியின் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கு ஒரே பேருந்தில் போய்விடலாம்.

கொழுப்பு அறிக்கைக்கு வருவோம். லீஷ்மேனியா குடியிருப்பது பெருவிழுங்கியின் ஃபாகோலைசோசோம் என்ற அமிலப் பைக்குள். மற்ற நுண்ணுயிரிகள் செரிக்கப்படும் இடம் அது. இந்த ஒட்டுண்ணிக்கு அதுவே வீடு. மணல் ஈயின் குடலில் நீளமாக, சவுக்கு போன்ற கசையிழையுடன் நீந்தும்போது சர்க்கரையைத் தாராளமாக எரித்து வளரும் இது, பெருவிழுங்கிக்குள் உருண்டையாக மாறியதும் சிக்கன வாழ்க்கைக்குத் திரும்புகிறது: வளர்ச்சி வேகம் குறைகிறது, சர்க்கரைச் செலவு குறைகிறது, கொழுப்பு அமிலங்களை உடைத்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் கூடுகின்றன. தன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் வகைகளை அது தானே செய்துகொள்ளும். ஆனால் கொலஸ்ட்ராலைச் செய்யத் தெரியாது, அதை விருந்தளிக்கும் செல்லிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. லீஷ்மேனியா மேஜர் என்ற உறவுக்கார இனத்தில், ஸ்பிங்கோலிப்பிட் என்ற சவ்வுக் கொழுப்பைச் செய்யும் மரபணுவை நீக்கிய பின்பும், விலங்கின் செல்லுக்குள் இருக்கும்போது ஒட்டுண்ணியின் சவ்வில் அந்தக் கொழுப்பு குறையாமல் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். செல்லிலுள்ள அதே வகைக் கொழுப்பான ஸ்பிங்கோமயலினை உடைத்து அது தன் தேவையை முடித்துக்கொள்கிறது.

உள்ளே நுழைவதற்கே கொலஸ்ட்ரால் வேண்டும். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2004இல் செய்த சோதனை இதை எளிமையாகக் காட்டியது: சைக்ளோடெக்ஸ்ட்ரின் கொண்டு பெருவிழுங்கியின் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்தால் லீஷ்மேனியா டோனோவனி நுழைவது வெகுவாகக் குறைகிறது, கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்தால் நுழைவும் திரும்புகிறது. இதைப் படிக்கும் எவரும், கொலஸ்ட்ரால் குறைந்த உடலில் நோய் குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பார். நடப்பது நேர்மாறு. காலா அசார் நோயாளிகளின் இரத்தக் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறது, ஒட்டுண்ணிச் சுமை ஏற ஏற மேலும் குறைகிறது. கொலஸ்ட்ரால் மிகுந்த எலிகள் இந்தத் தொற்றை மற்ற எலிகளைவிட நன்றாகத் தாங்குகின்றன.

முரண் போலத் தோன்றுவது, கொலஸ்ட்ரால் செய்யும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் தெளிந்துவிடும். நுழைவு ஒரு வேலை. மற்றொன்று, நுழைந்துவிட்ட எதிரியின் துணுக்குகளைப் பெருவிழுங்கி தன் மேற்பரப்பில் ஏந்தி, எதிர்ப்பை முடுக்கிவிடும் டி-செல்லுக்குக் காட்டும் வேலை. அந்தக் காட்சிக்குச் சவ்வு ஓரளவு விறைப்பாக இருக்க வேண்டும். அந்த விறைப்பைத் தருவது கொலஸ்ட்ரால். தொற்றிய பெருவிழுங்கியின் சவ்வு கொலஸ்ட்ராலை இழந்து இளகிப்போகிறது, துணுக்கை ஏந்தி நிற்கும் மூலக்கூறுகள் நிலைகொள்ளாமல் நழுவுகின்றன, டி-செல் வந்து பார்த்தும் பார்க்காமல் போய்விடுகிறது. கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவன ஆய்வாளர்கள், லிப்போசோம் என்ற நுண் கொழுப்பு உருண்டையில் வைத்துக் கொலஸ்ட்ராலைக் கொடுத்தபோது இந்தக் குறை நேராவதையும், வெள்ளெலிகளில் ஒட்டுண்ணிச் சுமை குறைவதையும் காட்டினார்கள். அதாவது வாசலில் இருக்கும் வரை கொலஸ்ட்ராலை நம்பியிருக்கும் ஒட்டுண்ணிக்கு, உள்ளே போனபின் அதைக் குறைத்து வைப்பதே ஆதாயம்.

குறைத்து வைப்பது எப்படி என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொல்கத்தா குழு 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒட்டுண்ணியின் மேற்பரப்பிலுள்ள ஜி.பி.63 என்ற புரத வெட்டி நொதி, எலியின் கல்லீரல் செல்லுக்குள் சென்று டைசர்-1 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. நுண் ஆர்.என்.ஏ.க்களைத் தறித்துத் தயாராக்குவது டைசர்-1இன் வேலை. அது சிதைந்தால், கல்லீரலின் கொழுப்புத் தயாரிப்புக்குத் துணைநிற்கும் மிர்-122 என்ற நுண் ஆர்.என்.ஏ. குறைகிறது, அதன் பின்னால் இரத்தக் கொலஸ்ட்ராலும் குறைகிறது. மிர்-122ஐ மீண்டும் ஏற்றினால் கொலஸ்ட்ரால் கூடி, கல்லீரலின் ஒட்டுண்ணிகள் குறைந்தன. தான் குடியிருக்கும் செல்லை மட்டுமன்றி, தனக்குக் கொழுப்பு வழங்கும் உறுப்பின் கணக்கையும் திருத்தி எழுதும் ஒட்டுண்ணி இது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்வது மிகை; எனினும், 96 என்ற எண்ணைப் பட்டினியால் வந்தது என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

டிரைகிளிசரைடு ஏறியதற்குக் காரணம் வேறு. நீண்ட அழற்சியில் டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்கள் (எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் அழற்சித் தூதுப் புரதங்கள்), இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் நொதியை அடக்குகின்றன. கல்லீரல் டிரைகிளிசரைடை ஏற்றி அனுப்பும் வி.எல்.டி.எல். துகள்கள் இறக்கிவைக்கப்படாமல் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. எச்.டி.எல். துகளின் முதன்மைப் புரதமான ஏபோ-ஏ1இன் இடத்தை அழற்சிக்காலப் புரதங்கள் பிடித்துக்கொள்வதால் அதுவும் சரிகிறது. எனவே உயர்ந்த டிரைகிளிசரைடும் தரைதட்டிய எச்.டி.எல்.லும் சேர்ந்து வருவது உணவின் குற்றமல்ல. நட்சத்திரக் குறி வறுத்த மீனைச் சுட்டவில்லை, மண்ணீரலைச் சுட்டியது.

இத்தகைய அறிக்கை காலா அசாருக்கு மட்டும் உரியதும் அன்று. மலேரியாவிலும் மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., எல்.டி.எல். குறைந்து டிரைகிளிசரைடு ஏறும். சிவப்பணுவுக்குள் வளரும் பிளாஸ்மோடியம், புதுச் சவ்வுக்கு வேண்டிய கொழுப்பில் பெரும்பகுதியை இரத்த நீரிலிருந்து இழுத்துக்கொள்கிறது. பால்சிபாரம் இனம் லைசோபாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பின் அளவை வைத்தே தன் போக்கை முடிவு செய்கிறது என்றும், அது குறைந்தால் கொசுவுக்குத் தாவும் பாலணு நிலைக்கு மாறுகிறது என்றும் 2017இல் காட்டப்பட்டது. டாக்சோபிளாஸ்மா, எல்.டி.எல். வழியாகச் செல்லுக்குள் வரும் கொலஸ்ட்ராலை வழிமறிக்கிறது. ஒட்டுண்ணி வகையைச் சேராத பாக்டீரியா என்றாலும், காசநோய்க் கிருமியும் பெருவிழுங்கியின் கொலஸ்ட்ராலையே தின்று பல காலம் இருக்கவல்லது. வடசென்னையில் மலேரியாவும் காசநோயும் அன்றாடம் காண்பவை என்பதால், நீண்ட காய்ச்சலில் இந்த எண்கள் வந்தால் தேட வேண்டிய திசையை அவை சொல்லும், பெயரைச் சொல்லா.

எங்களுக்கு உண்மையான தடுமாற்றம் தந்தது வேறொன்று. காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரண்டுக்கு மேற்பட்ட அணுக் குறைவு, 265ஐத் தாண்டிய டிரைகிளிசரைடு, 500ஐத் தாண்டிய ஃபெரிட்டின், மஜ்ஜையில் அணுவை விழுங்கும் பெருவிழுங்கிகள். எச்.எல்.எச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடும் அழற்சி நிலைக்கு 2004இல் வகுக்கப்பட்ட எட்டு அளவுகோல்களில் ஐந்து போதும்; இவரிடம் ஆறு இருந்தன. அந்த நோய்க்கு உரிய சிகிச்சை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் எட்டோபோசைடும். ஆனால் அளவுகோல் பூர்த்தியாகிவிட்டது என்பதற்காக, பெருவிழுங்கிக்குள் ஒட்டுண்ணி பெருகிக்கொண்டிருக்கும் ஒருவரின் எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்குவது சரியா? காலா அசாரைத் தொடர்ந்து வரும் எச்.எல்.எச். பெரும்பாலும் ஒட்டுண்ணியைக் கொன்றாலே அடங்கிவிடும். நோயாளி நினைவுடன் இருந்தார், இரத்தக்கசிவு இல்லை, இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் சரியாக இருந்தது. ஸ்டீராய்டு தருவதில்லை, 72 மணி நேரத்துக்குள் நிலைமை மோசமானால் மறுபரிசீலனை என்று முடிவெடுத்தோம்.

சிகிச்சையும் கொழுப்பின் வழியே நடக்கிறது. ஆம்போடெரிசின் ஒட்டுண்ணியின் எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கும் மருந்து. மனிதச் செல்லின் கொலஸ்ட்ராலை அது அவ்வளவு இறுகப் பற்றுவதில்லை, பற்றும் கொஞ்சமே சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். அதைப் பாஸ்போலிப்பிடும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த நுண்ணிய லிப்போசோம் உருண்டைகளுக்குள் வைத்து ஏற்றினால், கொழுப்புத் துகளை விழுங்குவதே தொழிலாகக் கொண்ட பெருவிழுங்கிகள் அவற்றை விழுங்கி, ஒட்டுண்ணி இருக்கும் செல்லுக்குள்ளேயே மருந்தைக் கொண்டு சேர்க்கின்றன. கிலோவுக்கு 10 மி.கி. என்ற ஒரே தவணை ஆறு மாத முடிவில் 95.7 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியதாக முசாபர்பூரில் நடந்த சோதனை 2010இல் வெளியானது. இந்தியாவின் காலா அசார் ஒழிப்புத் திட்டத்தின் முதல் தெரிவும் அதுதான்.

இவருக்கு 520 மி.கி. தேவைப்பட்டது, 50 மி.கி. குப்பிகள் பதினொன்று. காலா அசார் இல்லாத மாவட்டம் என்பதால் மருந்தைத் தருவிப்பதில் சில நாள் போனது. குப்பிக்கு 12 மி.லி. ஊசிநீர் விட்டு நன்றாகக் குலுக்கினால் மஞ்சள் நிறத்தில் கலங்கிய திரவமாகும். அதை 5 மைக்ரான் வடிகட்டி வழியாக 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் சேர்க்க வேண்டும். வார்டில் பழக்கதோஷத்தில் சலைன் பாட்டிலைத்தான் கை தேடும். உப்புநீர் பட்டால் மருந்து திரிந்துவிடும் என்பதால் அன்று படுக்கையருகே டெக்ஸ்ட்ரோஸ் மட்டுமே வைக்கச் செய்தோம். இரண்டு மணி நேரத்தில் மருந்து ஏறியது. நடுவில் ஒரு முறை குளிர் நடுக்கம், அவ்வளவே. பீனோஃபைப்ரேட் சேர்க்கை நாளிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. இரண்டாம் வாரத்தில் தட்டணுக்கள் 1,40,000 ஆயின, ஃபெரிட்டின் பாதிக்கும் கீழ் இறங்கியது. முப்பதாம் நாளில் டிரைகிளிசரைடு 168, மொத்தக் கொலஸ்ட்ரால் 131, எச்.டி.எல். 22. ஆறாம் மாதத்தில் மண்ணீரல் கைக்குத் தட்டவில்லை. எடை 60 கிலோ. மொத்தக் கொலஸ்ட்ரால் 164, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 100, டிரைகிளிசரைடு 140. எந்தக் கொழுப்பு மாத்திரையும் இல்லாமல், மீனும் எண்ணெயும் வழக்கம்போல் சாப்பிட்டு வந்த எண்கள் இவை. டிரைகிளிசரைடு முதலில் சரியாகி எச்.டி.எல். கடைசியில் எழுந்தது கவனத்துக்குரியது. அழற்சி சட்டென்று அணைந்தாலும் கல்லீரல் தன் புரதக் கணக்கை மெதுவாகவே நேர்செய்கிறது என்று இதைக் கொள்கிறோம்.

இந்தக் கட்டத்தில் குணமடைந்தவராகப் பதிவு செய்தாலும் கண்காணிப்பு முடிந்துவிடவில்லை. காலா அசார் தீர்ந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, முகத்திலும் கையிலும் வெளிர் திட்டுகளாகவோ முடிச்சுகளாகவோ தோல்நோய் வரக்கூடும். அந்தத் திட்டுகளில் ஒட்டுண்ணி இருக்கும், மணல் ஈ கடித்தால் பரவும். எனவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம். வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகள் கையெங்கும் இருப்பதால், புதிய திட்டு எது என்று பின்னால் ஒப்பிட முன்கைகளைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைத்தோம். ஆர்.கே.39 குணமான பிறகும் பல ஆண்டுகள் கோடு காட்டும் என்பதால் அதைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்று வெளியேற்றச் சீட்டிலேயே எழுதப்பட்டது. பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டுமா என்று மனைவி கேட்டார். ஒன்றாகச் சாப்பிடுவதாலோ படுப்பதாலோ இது தொற்றாது, காய்ச்சல் இல்லாதவரை வேண்டியதில்லை என்று சொன்னோம். மாநகராட்சிப் பொது சுகாதாரத் துறைக்கு அறிவிக்கை அனுப்பப்பட்டது. அதே மண்சுவர் அறையில் அவருடன் தங்கி ஊர் திரும்பிய திருவொற்றியூர், கொருக்குப்பேட்டைத் தொழிலாளர்களின் கைப்பேசி எண்களை அவரே தேடிக் கொடுத்தார். அவர்களில் ஒருவருக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல் என்று தெரிந்து வரவழைத்துப் பார்த்ததில், அவருக்கு இருந்தது வைவாக்ஸ் மலேரியா.